ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் உப்பு ஒன்றும் செய்யாதா?

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36. தோல் தொழிற்சாலையில், பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கும் பகுதியில் 12 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். சர்க்கரை நோய் இல்லை, புகைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபால் ஆடுகிறார். கடிதத்தின் சாரம் இது:

"சென்ற மாதம் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு ரத்த அழுத்தம் 114/72 இருந்தது. சிறு வயதிலிருந்தே எனக்கு உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். கூழுக்குக் கருவாடு, சோற்றுக்கு ஊறுகாய், அதற்கும் மேல் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு. பி.பி. இல்லாதவர்களுக்கும் உப்பு ரத்தக் குழாயைக் கெடுக்கும் என்று என் மனைவி எங்கோ படித்துவிட்டு ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைக்கிறார். அழுத்தமே ஏறாதபோது குழாய் எப்படிக் கெடும்? வேர்த்து வடிய வேலை செய்கிறவனுக்கு உப்பு வேண்டாமா? இந்துப்புக்கு மாறிவிட்டால் தீர்ந்துவிடுமா? 68 வயதான என் அப்பாவுக்குப் பி.பி.யும் சர்க்கரையும் இருக்கின்றன. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை அவருக்கு வாங்கித் தரலாமா?"

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் மனைவி படித்தது உண்மைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் துளியும் ஏறாத, நல்ல உடல்நிலையில் உள்ளவர்களிடமும் உப்பு மிகுந்த உணவு ரத்தக் குழாய்களின் விரியும் திறனைக் குறைக்கிறது என்பது, மனிதர்களிடமே நேரடியாக அளந்து பார்க்கப்பட்ட செய்தி. ஆனால் 'கெடுக்கும்' என்ற சொல்லை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அந்த அளவீடுகளில் தெரிந்தது நோய் அல்ல. உப்பைக் குறைத்தால் திரும்பிவிடக்கூடிய ஒரு சுணக்கம். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் அலட்சியமும் வராது, வீண் பயமும் வராது.

நீங்கள் நாள்தோறும் உப்போடு பழகுகிறவர் என்பதால் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட்டு மேலே போகிறேன். உப்புத் தூவி அடுக்கிய பச்சைத் தோலிலிருந்து இரவெல்லாம் நீர் வடிந்து, மறுநாள் தோல் சுருங்கி விறைத்துக் கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சாப்பிடும் உப்பு ரத்தக் குழாயையும் அப்படித்தான் விறைக்க வைக்கிறது என்று, என்னிடம் வரும் டேனரித் தொழிலாளர்களில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படி நடப்பதில்லை. தோலின் மேல் நிற்பது, இனி கரையவே முடியாத அளவுக்கு உப்பு ஏறிய நீர். ரத்தத்தில் இருப்பதோ லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்கு ஈடான கரைசல். நீங்கள் எவ்வளவு ஊறுகாய் சாப்பிட்டாலும் உடல் அந்த அளவைப் பெரிதாக மாறவிடுவதில்லை. தாகத்தைக் கிளப்பித் தண்ணீர் குடிக்க வைத்தும், சிறுநீரகத்தை வேலை வாங்கியும் அதைக் குறுகிய வரம்புக்குள் நிறுத்துகிறது. 6 கிராம் உப்புக் கலந்த சூப்பைக் குடிக்கக் கொடுத்து அளந்தபோது, இரண்டு மணி நேரத்தில் ரத்த சோடியம் லிட்டருக்குச் சுமார் 3 மில்லிமோல்தான் ஏறியது. இயல்பான அளவு 135 முதல் 145 வரை என்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய ஏற்றம்தான். ஆனால் அந்தச் சிறிய ஏற்றத்தைக்கூட உணர்ந்து வேலையில் சுணங்கிப்போகிற ஒரு மெல்லிய படலம் ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கிறது.

எண்டோதீலியம் என்று மருத்துவத்தில் வழங்கும் அந்தப் படலம், ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. ரத்தம் உராய்ந்து ஓடுவதற்கு வழவழப்பான ஓர் உறை, அவ்வளவுதான் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க மருந்தியல் அறிஞர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டுகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, ஒரே மருந்துக்குச் சில துண்டுகள் சுருங்குவதையும் சில துண்டுகள் தளர்வதையும் கவனித்தார். காரணத்தைத் தேடியபோது, சுருங்கிய துண்டுகளில் உட்படலம் கை தவறி உரசப்பட்டுப் போயிருந்தது தெரிந்தது. படலம் அப்படியே இருந்த துண்டுகள் மட்டும் தளர்ந்தன. 1980இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து, படலம் சுரந்து தசைக்கு அனுப்பும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னர் தெரியவந்தது. 1998இல் அவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் இதே நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத்தான் குழாயை விரிக்கிறது.

இதை உங்கள் ஆட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். பந்தை அடிக்க நீங்கள் எம்பிக் குதிக்கும்போது கால் தசைகளுக்கு ரத்தம் பல மடங்கு தேவைப்படுகிறது. ஓட்டம் கூடியதும் அந்த உராய்வைப் படலம் உணர்கிறது. நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரிகிறது. மாடிப்படி ஏறும்போதும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இதே விரிதல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதோடு, ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் வெள்ளை அணுக்கள் உள்ளே புகுந்து கொழுப்புப் படிவுக்கு வழி செய்யாமலும் காப்பதும் அதே படலமும் அதே வாயுவும்தான்.

இந்த விரியும் திறனை ஊசி குத்தாமலே அளக்க முடியும். முழங்கைக்குக் கீழே, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைக் கட்டி, ரத்தம் நின்றுபோகும் அளவுக்குக் காற்றடித்து 5 நிமிடம் வைத்திருப்பார்கள். முழங்கைக்கு மேலே அல்ட்ராசவுண்ட் கருவி மேற்கைத் தமனியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பட்டையைத் தளர்த்தியதும், மடையைத் திறந்துவிட்ட வாய்க்கால் போல ரத்தம் பாயும். அந்தப் பாய்ச்சலுக்குத் தமனி எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள தமனி 10 விழுக்காடு விரிந்தால் அது 0.4 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு விரிவுதான் படலத்தின் நலத்தைச் சொல்லும் அளவுகோல். பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், இந்த விரிவு குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் கூடுதலாக வந்திருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரத்த அழுத்தம் மாறாதவர்கள் 14 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, உங்களைப் போன்றவர்களை. 7 நாள் மிகக் குறைந்த உப்பு, 7 நாள் மிக அதிக உப்பு என்று இரண்டு வகை உணவையும் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். அழுத்தம் இரண்டு வாரத்திலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் குறைந்த உப்பு வாரத்தில் 10 விழுக்காட்டை ஒட்டி விரிந்த தமனி, அதிக உப்பு வாரத்தில் 7 விழுக்காட்டை ஒட்டித்தான் விரிந்தது. நாக்கடி மாத்திரையைக் கொடுத்தபோது மட்டும் இரண்டு வாரத்திலும் ஒரே மாதிரி விரிந்தது. தசைக்குத் தளரத் தெரிந்திருக்கிறது. தளரச் சொல்லவேண்டிய படலம்தான் சுணங்கிவிட்டது என்பதே இதன் பொருள். 2013இல் வெளிவந்த இந்த ஆய்வு, 'அழுத்தமே ஏறாதபோது குழாய் எப்படிக் கெடும்' என்ற உங்கள் கேள்வியையே கேட்டு நடத்தப்பட்டது போல இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வில் அதிக உப்பு என்றது நாளுக்கு 20 கிராம் அளவு, குறைந்த உப்பு என்றது ஒரு கிராமுக்குச் சற்று மேல். இரண்டு ஓரங்களிலும் நம் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ஆகவே எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியாவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு. உடல் எடை கூடிய, ஆனால் ரத்த அழுத்த நோய் இல்லாதவர்கள், நாளுக்கு 9 கிராமாக இருந்த உப்பை ஏறக்குறைய 4 கிராமுக்குக் குறைத்தார்கள். இரண்டே வாரத்தில் தமனியின் விரிவு தெளிவாகக் கூடியது. அழுத்தம் யாருக்கு எவ்வளவு இறங்கியது என்பதோடு அந்த முன்னேற்றத்துக்குத் தொடர்பு இருக்கவில்லை. 9 கிராம் என்பது தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பலர் சாப்பிடும் அளவு. அதே ஆய்வாளர்கள் 2011இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: ஆரோக்கியமான 16 பேருக்கு, 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்புள்ள ஒரு வேளை உணவைக் கொடுத்துப் பார்த்ததில், அரை மணி நேரத்திலேயே தமனியின் விரிவு குறைந்திருந்தது. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் தட்டோர உப்பும் சேர்ந்த உங்கள் மதிய உணவில் அந்த 4 கிராம் எளிதாகத் தேறிவிடும்.

ஒரு வேளை உணவால் வரும் குறைவு சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்பதால் கல்யாணப் பந்தியையோ ஆம்பூர் பிரியாணியையோ பார்த்து நீங்கள் நடுங்க வேண்டியதில்லை. என் கவலை வேறு. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை என்று படலம் தேறி எழுவதற்குள் அடுத்த உப்பு வந்து விழுந்துகொண்டே இருந்தால், நாளின் பெரும்பகுதியை அது சுணக்கத்திலேயே கழிக்கிறது. சிறு வயதிலிருந்தே உங்கள் படலம் அப்படித்தான் நாளைக் கழித்து வந்திருக்கிறது.

உப்பு படலத்தை எப்படிச் சுணங்க வைக்கிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோடியம் கூடும்போது, குழாய்ச் சுவரில் சூப்பராக்சைடு என்ற, எதையும் தாக்கும் ஆக்சிஜன் வகை அதிகமாக உருவாகிறது. அது நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட இடத்திலேயே பிடித்து வேறொன்றாக மாற்றிவிடுகிறது. சுரந்த வாயு தசையைச் சென்று சேர்வதற்குள் வழியிலேயே பறிபோய்விடுகிறது. இது ஊகம் அல்ல. அதிக உப்பு உண்டவர்களின் தோலில் உள்ள நுண்குழாய்களுக்கு வைட்டமின் சி-யை நேரடியாகச் செலுத்தியபோது, அந்த ஆக்சிஜன் வகை அடங்கி, விரியும் திறன் மீண்டது. அதற்காக வைட்டமின் சி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஊறுகாயைத் தொடரலாம் என்று கணக்குப் போடாதீர்கள்; ஆய்வில் தோலுக்குள் செலுத்தியதும் நாம் விழுங்குவதும் ஒன்றல்ல. இன்னொரு வழியும் உண்டு. படலத்தின் மேல் கூழ் போன்ற ஒரு மென்பூச்சு இருக்கிறது. சோடியம் செல்களைத் தாக்காமல் ஓரளவு தாங்கிக்கொள்ளும் இந்தப் பூச்சு, சோடியம் ஓயாமல் கூடியிருந்தால் மெலிகிறது, செல்களும் விறைப்பாகின்றன, விறைத்த செல் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகவே சுரக்கிறது. இவை ஆய்வகச் செல்களில் கண்டவை.

இவ்வளவு நடந்தும் உங்கள் 114/72 ஏன் அசையவில்லை? உங்கள் சிறுநீரகங்கள் இன்று மிக நன்றாக வேலை செய்கின்றன, அதனால்தான். கூடுதலாக வந்த உப்பை ஒன்றிரண்டு நாளில் வெளியே தள்ளிவிடுகின்றன. இதை உப்புத் தாங்கும் உடல் என்கிறோம். ரத்த அழுத்தம் சரியாக உள்ளவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உப்புக்கு அழுத்தம் ஏறும் உடல்வாகு இருக்கிறது. அழுத்த நோய் உள்ளவர்களில் இருவரில் ஒருவருக்கு இருக்கிறது. வயது ஏற ஏற, சர்க்கரையோ சிறுநீரகப் பழுதோ சேரச் சேர, தாங்குகிறவர் தாங்காதவராக மாறுகிறார். உங்கள் அப்பாவுக்கு அழுத்தமும் சர்க்கரையும் வந்திருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் வருங்காலம் எந்தப் பக்கம் சாயக்கூடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் சி.எம்.சி. மருத்துவர்கள் 1991–94இல் எடுத்த கணக்கெடுப்பை 2010–12இல் மறுபடி எடுத்தபோது, இதய நோய்க்கு வழிவகுக்கும் காரணங்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் வெகுவாகக் கூடியிருந்தன. அதற்கு உப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வயலிலும் தறியிலும் உழைக்கிறவர்களுக்கு இதெல்லாம் வராது என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எவ்வளவு உப்பு? உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, எல்லாம் சேர்த்து. ஆஸ்பத்திரியில் ஏற்றும் அரை லிட்டர் நார்மல் சலைன் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளுக்கு ஏறக்குறைய அந்த ஒரு பாட்டில்தான் நம் அளவு. நாளுக்கு 10 கிராம் சாப்பிடுகிறவர் இரண்டு பாட்டிலுக்கும் மேல் ஏற்றிக்கொள்கிறார். உங்கள் வீட்டுக் கணக்கை எந்தக் கருவியும் இல்லாமலே போடலாம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் மூன்று பேர். பாக்கெட் 37 நாளில் காலியானது. 1000 கிராமை 3-ஆலும் 37-ஆலும் வகுத்தால் தலைக்கு நாளுக்கு 9 கிராம். மீன் கழுவியது, எலுமிச்சை ஊறுகாய்க்குப் போட்டது என்று என் மனைவி கொஞ்சம் தள்ளுபடி கேட்டார். தள்ளினாலும் 7-க்குக் கீழே இறங்கவில்லை. நோயாளிகளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்தவனின் வீட்டுக் கணக்கு அது. கடையில் வாங்கிய பிஸ்கட், பிரெட், மிக்சர், ஓட்டல் சாப்பாடு எதுவும் அதில் சேரவில்லை.

உங்கள் கடிதத்தில் சொன்ன பழக்கத்துக்கு என் மதிப்பீடு 12 கிராமுக்குக் குறையாது. ஊறுகாய் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. கருவாட்டில், உப்பிட்டுக் காயவைத்த வகையானால், எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் உப்பாகவே இருப்பது வழக்கம். வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசினால் கணிசமாகக் குறையும். மோர் மிளகாய், வடகம், அப்பளம் எல்லாம் சிறிது சிறிதாகச் சேர்பவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியமே. பாக்கெட் உணவானால் அட்டையில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்குங்கள். 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலின் உப்புக் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் ஏறி, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டில் குடிக்க ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான் என்றால், அதை ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை நாளுக்கு 4 லிட்டர் குடித்தால் 2 கிராம் உப்பு அதிலேயே போய்விடுகிறது. 200-ஐ ஒட்டித்தான் நாக்குக்கே உப்புக் கரிப்பு தெரியத் தொடங்கும். பழகிய நாக்குக்கு அதுவும் தெரியாது.

வேர்வை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. இதில் பல மருத்துவர்கள் எடுத்தெறிந்து பேசிவிடுகிறோம். ஒரு லிட்டர் வேர்வையில் ஒரு கிராமிலிருந்து 4 கிராமுக்கு மேல் வரைகூட உப்பு வெளியேறலாம். ஆள் புதிதாக வெயிலுக்கு வந்தவரானால் அதிகம் போகும்; உங்களைப் போல ஆண்டுக்கணக்கில் பழகியவரானால், வேர்வைச் சுரப்பிகளே உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளக் கற்றுவிடுவதால், குறைவாகவே போகும். ஆகவே கத்திரி வெயிலில் கூரைக்கடியில் லிட்டர் லிட்டராக வேர்க்கும் நாட்களில் 5 கிராம் என்ற கோட்டைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இரண்டு டம்ளர் நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே ஐந்தாறு லிட்டர் குடித்துக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தாலோ தலை சுற்றினாலோ நிழலில் உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள், அதன் ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பு, அளவோடு குளுக்கோசும் பொட்டாசியமும் சேர்த்து இருக்கிறது. பேச்சுக் குழறி நினைவு தடுமாறினால் அது உப்பு விஷயமே அல்ல, வெப்பத் தாக்கு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் மார்கழியில் வேர்க்காத நாளிலும் சித்திரையின் அளவையே சாப்பிடுவதற்கு வேர்வையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. நாள் முழுவதும் உப்பைக் கையாள்கிறவர்களுக்கு நாக்கும் அந்தக் கரிப்புக்குப் பழகிப்போகிறது என்பது என் அனுமானம். வேலை முடிந்ததும் கை, முகம், உதடு நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

இந்துப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். படலத்துக்கு நிறம் தெரியாது. அயோடின் கலக்காத இந்துப்பை வீடு முழுவதும் பயன்படுத்தினால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு குறை வர வாய்ப்பு வேறு. இருக்கிற அயோடின் உப்பையே குறைத்துப் போடுங்கள்.

குறைப்பதற்கு எனக்குத் தெரிந்த நடைமுறை இதுதான். முதலில் தட்டோர உப்பு போகட்டும். அது யாருக்கும் தேவைப்படாத உப்பு. ஊறுகாய் நாள்தோறும் என்பது வாரத்தில் இரண்டு நாள் ஆகட்டும். குழம்பில் உப்பை ஒரேயடியாகப் பாதியாக்கினால் மூன்றாம் நாள் நீங்களே எழுந்து போய்ப் போட்டுக்கொள்வீர்கள். பத்தில் ஒரு பங்கு குறைத்து, இரண்டு வாரம் பழகி, மறுபடி ஒரு பங்கு குறையுங்கள். சில வாரங்களில் நாக்கின் அளவுகோலே இறங்கிவிடும். பழைய குழம்பு அப்போது உங்களுக்கே கரிக்கும். புளி, மிளகு, எலுமிச்சை, வறுத்த சீரகம் ஆகியவை அந்த இடைவெளியை மறைக்க உதவும். கீரை, பயறு, வாழைப்பழம், தக்காளி, இளநீர் போன்றவற்றில் உள்ள பொட்டாசியம் உப்பின் வேலையை ஓரளவு முறிக்கிறது. உப்புத் தாங்கும் உடல்வாகுள்ளவர்களிடம் பொட்டாசியம் மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, அதிக உப்பால் தமனி விரிவில் வரும் குறைவு பெருமளவு மட்டுப்பட்டது. கூழை நிறுத்த வேண்டியதே இல்லை. உப்பைக் குறைத்துக் கரைத்து, கருவாட்டுக்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் தொட்டுக்கொண்டால், கேழ்வரகும் கீரையும் உங்கள் பக்கம் நிற்கும்.

தமனி விரிவைப் பார்க்கும் பரிசோதனையை நீங்கள் எங்கும் தேடிப்போய்ச் செய்துகொள்ள வேண்டாம். அது ஆய்வுக்கான அளவீடு. காலையில் குடித்த காபிகூட அதன் எண்ணை மாற்றும். உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தால் போதும். ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைப்பதையும் உங்கள் மனைவி நிறுத்திவிடலாம். ஒளித்த ஜாடியைத் தேடி எடுக்கிற கைக்கு இரண்டு மடங்கு அள்ளத் தோன்றும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

கடைசியாக உங்கள் அப்பா. சோடியம் குறைந்த உப்பு என்பது, சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம், கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்து 5 ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. பொருள் நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் பொட்டாசியம் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். 68 வயதில், சர்க்கரையும் அழுத்தமும் சேர்ந்தவருக்கு அந்தப் பழுது அறிகுறி இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு, எனலாபிரில், ராமிபிரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் தாமே பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. அப்பாவின் சீட்டில் இவற்றில் ஒன்றாவது இருக்கும் என்றே நினைக்கிறேன். சீட்டை எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் போய், ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பாக்கெட்டை வாங்க வேண்டாம். வீட்டில் உள்ள அதே உப்பை, அவர் பங்குக்குக் குறைத்துப் போட்டுக் கொடுங்கள்.